வீட்டுக் கணினிக்கு எந்த யுபிஎஸ்? மாறிவந்த விடைகளும் தீராத கேள்விகளும்

கணினி வாங்குகிறவர் கூடவே யுபிஎஸ்ஸும் வாங்க வேண்டுமா, வாங்கினால் எந்த வகை என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் காலத்துக்குக் காலம் வேறு வேறு விடை கிடைத்திருக்கிறது. டி.டி.பி. மையங்களின் தொடக்க காலத்தில் கணினிக்குப் பக்கத்தில் சி.வி.டி. என்ற கனத்த பெட்டி ரீங்கரித்துக்கொண்டிருக்கும். ஜோசப் சோலா 1938-ல் உருவாக்கிய அந்த டிரான்ஸ்பார்மர், உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் வெளியே சீராகக் கொடுக்கும். ஆனால் கரண்ட் போய்விட்டால் அதனால் ஆவது ஒன்றுமில்லை. பிறகு, சென்னை ரிச்சி தெருவில் உதிரிகளை வாங்கி அசெம்பிள் செய்த கணினியோடு 500 அல்லது 600 வி.ஏ. யுபிஎஸ் ஒன்றும் வழக்கமாகவே பில்லில் ஏறியது. 2008 தொடங்கி மின்வெட்டு முற்றியபோது வீடுகளுக்குள் இன்வெர்ட்டர் வந்தது. இன்வெர்ட்டர் இருக்கும்போது தனி யுபிஎஸ் எதற்கு என்ற வாதமும் அதோடு வந்தது. 2020-ல் வீடே அலுவலகமானபோது கணினி அணைவதைவிட ரவுட்டர் அணைவது பெரிய தொல்லையாகி, உள்ளங்கை அளவு மினி யுபிஎஸ் பரவியது. இப்போது லித்தியம் பேட்டரியின் முறை.

இந்த விடைகள் எல்லாமே அந்தந்தக் காலத்து மின்தடையைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. காலம் மாறியபின்னும் பழைய விடையைப் பிடித்துக்கொள்வதால்தான் பல வீடுகளில் பணம் வீணாகிறது. தெருவில் மின்சாரம் எந்த விதமாகக் கெடுகிறது, எந்தக் கருவி எவ்வளவு நேரம் ஓடியாக வேண்டும், உள்ளே இருக்கும் பேட்டரிக்கு என்ன வயது என்ற மூன்றும் பெட்டியில் அச்சிட்ட வகைப் பெயரைவிட முக்கியம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதற்கு எதிரான வாதங்களையும் சேர்த்தே பார்க்கலாம்.

எதிலிருந்து காப்பு?

கரண்ட் கட் மட்டுமே கெடுதல் என்று நினைத்தால் தேர்வு தவறிவிடும். கண் சிமிட்டும் நேரத்துக்குப் போய்த் திரும்புவது, கோடை மாலையில் 160 வோல்ட்டுக்கு இறங்குவது, மின்னலின்போது ஏறுவது, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை நிறுத்துவது, புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் வராமலே இருப்பது எனக் கெடுதல்கள் பல. 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அந்த அளவுக்கு எந்த வீட்டு யுபிஎஸ்ஸும் விடையாகாது.

கணினி எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்கக் கணினித் துறையினரின் அமைப்பு 2000-ல் திருத்தி வெளியிட்ட ஐ.டி.ஐ.சி. வரைகோட்டின்படி, மின்சாரம் முற்றிலும் இல்லாமல் 20 மில்லிசெகண்ட் வரை கருவி தாக்குப்பிடிக்க வேண்டும். அது அந்நாட்டின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு எழுதப்பட்டது என்றாலும் உலகம் முழுவதும் மேற்கோளாகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 20 மில்லிசெகண்ட் என்பது சரியாக ஓர் அலை. மேசைக் கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள பெரிய கெப்பாசிட்டர்தான் இந்த இடைவெளியைத் தாங்குகிறது. முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லிசெகண்ட் தாங்கினால் போதும் என்று ஏ.டி.எக்ஸ். வடிவமைப்பு வழிகாட்டி சொல்லிவந்தது. கெப்பாசிட்டர் பழையதாகி, விலை குறைந்த எஸ்எம்பிஎஸ்ஸாகவும் இருந்துவிட்டால் அதுவும் குறையும்.

இன்னொரு கெடுதலை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். தெருக் கம்பத்தில் நியூட்ரல் கட் ஆனால், வீட்டுக்குள் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400-ஐ நெருங்கும் மின்னழுத்தம் நுழையலாம். அப்போது சாதாரண யுபிஎஸ் கணினியைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலும் அதுவே முதலில் எரியும். மெயின் போர்டில் வைக்கும் அதிக மின்னழுத்தத் துண்டிப்பானும் நல்ல எர்த்தும்தான் அதற்கு மருந்து. யுபிஎஸ்ஸுக்குள் சர்ஜைத் தடுக்கும் வாரிஸ்டர் இருக்கிறது என்று விளம்பரம் சொல்லும். மூன்றாவது பின்னில் எர்த் இணைப்பே இல்லாத பழைய வீட்டில் அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதி வேலையே செய்யாது. யுபிஎஸ்ஸுக்குச் செலவிடும் முன் எர்த்தைச் சோதிக்கச் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடக் கூடாது.

மூன்று வகை, மூன்று வாதம்

யுபிஎஸ்ஸின் வெளியீடு உள்ளே வரும் மின்சாரத்தை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதை வைத்து, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62040-3 தரநிலை மூன்று பிரிவுகளைத் தருகிறது. சந்தையில் அவை ஆஃப்லைன், லைன் இன்டர்ஆக்டிவ், ஆன்லைன் என்ற பெயர்களில் கிடைக்கின்றன.

ஆஃப்லைன் வகையில் மெயின் மின்சாரம் ஏறத்தாழ அப்படியே கணினிக்குப் போகும். அது நின்றதும் ரிலே ஒன்று பேட்டரிப் பக்கம் தாவும். தாவும் நேரம் பொதுவாக 4 முதல் 10 மில்லிசெகண்ட். எளிமையும் மலிவும் இதன் பலம். குறைந்த மின்னழுத்தத்தில்தான் இதன் பலவீனம் தெரிகிறது. 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரிக்குத் தாவும்படி அமைத்த ஒரு பெட்டியை, மாலை முழுவதும் 165 வோல்ட் மட்டுமே வரும் தெருவில் வைத்துப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போதே பேட்டரி கரையும். மீண்டும் சார்ஜ் ஏறாது. சில நிமிடங்களில் யுபிஎஸ் அணைந்துவிடும். இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் பல 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. அதாவது நேராகச் சுவரில் செருகியிருந்தால் அந்தக் கணினி நிற்காமல் ஓடியிருக்கும்! காப்பதற்கென்று வாங்கியதே அணைப்பதற்குக் காரணமாகும் இந்த நிலையை வாங்குகிறவர்கள் போதுமான அளவு கவனிப்பதில்லை.

லைன் இன்டர்ஆக்டிவ் வகை இதற்குப் பதிலாக வந்தது. உள்ளேயிருக்கும் டிரான்ஸ்பார்மரின் டேப்பை மாற்றி, பேட்டரியைத் தொடாமலே மின்னழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். பல தயாரிப்புகள் 140, 145 வோல்ட் வரை தாங்குகின்றன. இன்று இந்தியக் கடைகளில் 600 வி.ஏ. என்ற பெயரில் கிடைப்பவற்றில் கணிசமானவை இந்த வகைதான். வீட்டுக் கணினிக்கு இதுவே போதும் என்பது பெரும்பான்மைக் கருத்து. அதற்கு எதிராக வலுவான சான்று ஒன்றும் தென்படவில்லை.

ஆன்லைன் வகை மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, மறுபடி மாறுமின்சாரமாக்கிக் கொடுக்கிறது. தாவும் நேரமே இல்லை. விலையும் விசிறிச் சத்தமும் தொடர்ந்த மின்னிழப்பும் அதற்கான ஈடு. மருத்துவக் கருவிக்கும் சர்வர் அறைக்கும் இது நியாயம். படுக்கையறை மூலையில் இருக்கும் ஒரு மேசைக் கணினிக்கு இது தேவை என்று நிறுவுவது கடினம். மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஓயாமல் அலையும் இடத்திலும், நாளில் பாதி ஜெனரேட்டரில் ஓடும் இடத்திலும் மட்டும் இந்தக் கணக்கு மாறலாம்.

இன்வெர்ட்டரே போதும் என்பவர்கள்

தமிழ்நாட்டில் மிகப் பரவலான நிலைப்பாடு இதுதான். அதன் பின்னணி புரிந்துகொள்ளத்தக்கது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் கட் என்று நாட்கள் கழிந்தன. சிறிய யுபிஎஸ் ஒன்று முழுதாகச் சார்ஜ் ஏற ஆறு முதல் எட்டு மணி நேரம் கேட்கும். ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கட் வந்துவிட்டால் இரண்டாவது, மூன்றாவது முறையிலேயே அது கையை விரித்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட இலங்கையிலும் இதே கணக்குத்தான். நிமிடங்களுக்குச் செய்த கருவியை மணிக்கணக்கான தடைக்கு நிறுத்த முடியாது. அந்த ஆண்டுகளில் இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் சரியாகவே வாங்கினார்கள்.

சேமிப்பிலும் ஒப்பீடே இல்லை. 600 வி.ஏ. யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. வீட்டு இன்வெர்ட்டரோடு வரும் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியில் 1,800 வாட்-மணி. இருபது மடங்குக்கும் மேல்.

சிக்கல் தாவும் நேரத்தில் இருக்கிறது. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ. நார்மலில் 100 முதல் 290 வோல்ட் வரை எது வந்தாலும் அப்படியே வீட்டுக்குள் விடும். தாவுவதற்கு 40 மில்லிசெகண்ட் வரைகூட எடுத்துக்கொள்ளும். மின்விசிறிக்கும் டியூப் லைட்டுக்கும் அது போதும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் வரம்பு சுமார் 180 முதல் 260 வோல்ட்டாகக் குறுகும். தாவும் நேரமும் 10, 15 மில்லிசெகண்ட்டுக்கு இறங்கும். கணினி பிழைப்பது இந்த நிலையில்தான். இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சுவிட்சை. அடுத்ததாக, கணினியின் பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் இன்வெர்ட்டர் லைன் இழுத்து, பவர் பிளக்கை விட்டுவிடுவது வயரிங்கில் வழக்கம்.

அந்தச் சுவிட்சும் முழு விடையல்ல. யுபிஎஸ் நிலையில், குறைந்த மின்னழுத்தத் தெருவில் இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குத் தாவி டியூபுலரைத் தேய்க்கும். அதோடு கணினியின் சுமை தனியாக இருப்பதில்லை. அதே லைனில் யாராவது மிக்ஸியைப் போட்டால் ஓவர்லோட் ஆகி எல்லாம் ஒன்றாக அணையும். இதனால் சிலர் இன்வெர்ட்டருக்குப் பின்னால் சிறு யுபிஎஸ் ஒன்றையும் வைக்கிறார்கள். தாவும் இடைவெளியை யுபிஎஸ்ஸும் நேரத்தை இன்வெர்ட்டரும் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. இன்வெர்ட்டர் சைன்வேவ் தருவதாக இருந்தால் இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடும். பழைய ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டராக இருந்தால், அதன் வெளியீட்டைச் சில யுபிஎஸ்கள் நல்ல மின்சாரமாகவே ஏற்காமல் தம் பேட்டரியில் ஓடித் தீர்ந்துபோகும். இரண்டையும் வாங்கிவிட்டு இரண்டாலும் பயனில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அலை வடிவம் பற்றிய தகராறு

விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது தருவது படிப்படியான அலை; பெட்டியில் அதைச் சிமுலேட்டட் சைன்வேவ் என்று எழுதியிருப்பார்கள். மேசைக் கணினிக்கு இது போதுமா என்பதில் இரு தரப்பு உண்டு.

போதும் என்பவர்களின் காரணம் எளிது. எஸ்எம்பிஎஸ் உள்ளே வரும் எதையும் முதலில் நேர்மின்சாரமாக்கிவிடுகிறது; அலையின் வடிவம் அதற்குப் பொருட்டல்ல. பழைய எஸ்எம்பிஎஸ்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. போதாது என்பவர்கள் ஆக்டிவ் பி.எஃப்.சி. சுற்றைச் சுட்டுகிறார்கள். ஐரோப்பாவின் ஹார்மோனிக் கட்டுப்பாடுகள் 2001-ல் நடைமுறைக்கு வந்த பின்னும், 2004-ல் 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று தொடங்கிய பின்னும் இந்தச் சுற்று தரமான எஸ்எம்பிஎஸ்களில் வழக்கமாகிவிட்டது. உள்ளே வரும் மின்னழுத்தத்தின் வடிவத்தைப் பின்பற்றியே இது மின்னோட்டத்தை இழுக்கிறது. படி அலையில் மின்னழுத்தம் பூஜ்யத்தில் நிற்கும் தட்டையான இடங்களில் அது தடுமாறலாம். அதை அடுத்து வரும் திடீர் ஏற்றத்தில் மின்னோட்டம் பாய்ந்து, யுபிஎஸ் ஓவர்லோட் என்று எண்ணி அணைந்துவிடலாம்.

எல்லா இணைகளிலும் இப்படி நடப்பதில்லை. சுமை குறைவாக இருந்தால் பல கணினிகள் படி அலையில் சிக்கலில்லாமல் ஓடுகின்றன. அதே யுபிஎஸ்ஸில் விளையாட்டுக் கணினி ஒன்று முழுச் சுமையில் இருக்கும்போது அணைகிறது. ஆகவே பொது விதியாக எதையும் சொல்வதற்கில்லை. அலுவலக வேலைக் கணினிக்குப் படி அலை பெரும்பாலும் போதும். கிராபிக்ஸ் கார்டு போட்ட, 500 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ் உள்ள கணினிக்குச் சைன்வேவ் வாங்குவதே விவேகம். சந்தேகமிருந்தால், கடையிலேயே கணினியை முழுச் சுமையில் ஓடவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கக் கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

வி.ஏ., வாட், நிமிடம்

பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது வி.ஏ. கணினி எடுப்பது வாட். இந்தியச் சந்தையில் 600 வி.ஏ. என்றால் பின்புற லேபிளில் 360 வாட் என்றும், 1,100 வி.ஏ. என்றால் 660 வாட் என்றும் சிறிய எழுத்தில் இருப்பதைப் பரவலாகக் காணலாம். சுமையை அந்தச் சிறிய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

வாட் என்பது எவ்வளவு சுமை தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது; எவ்வளவு நேரம் என்பதைச் சொல்வதில்லை. நேரத்தைத் தருவது பேட்டரி. அதில் ஒரு மறைவான குறைப்பு உண்டு. 7 ஆம்பியர் மணி என்பது இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்லக் காலி செய்தால் கிடைக்கும் அளவு, அதாவது 0.35 ஆம்பியர் வீதம். வேகமாக இழுத்தால் மொத்தமாகக் கிடைப்பதே குறையும் என்பதை 1897-லேயே போய்கெர்ட் விதியாக்கினார். 100 வாட் சுமையுள்ள கணினிக்காக அந்தச் சிறு பேட்டரி 10 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வேகத்தில் எழுதியதில் பாதியளவே கைக்கு வரும். 84 வாட்-மணியை 100-ஆல் வகுத்து ஐம்பது நிமிடம் என்று கணக்குப் போட்டவருக்கு, புத்தம் புது பேட்டரியிலும் பதினைந்து இருபது நிமிடமே கிடைப்பதன் காரணம் இதுதான்.

அந்த நிமிடங்களாலும் வீட்டில் ஆள் இருந்தால்தான் பயன். யுஎஸ்பி கேபிள் மூலம் யுபிஎஸ்ஸும் கணினியும் பேசிக்கொண்டால், பேட்டரி தீரும் முன் கணினி தானே ஷட்டவுன் ஆகும். விண்டோஸ் இதைத் தானாகவே அடையாளம் காணும். லினக்ஸிலும் சேமிப்பகக் கருவிகளிலும் என்.யு.டி. என்ற திறமூல மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் குறைந்த விலை 600 வி.ஏ. மாடல்கள் பலவற்றில் அந்தப் போர்ட்டே கிடையாது. இரவெல்லாம் ஓடும் நாஸ் சேமிப்பகம் வைத்திருப்பவருக்கு, கூடுதல் பத்து நிமிட பேக்கப்பைவிட அந்த ஒரு போர்ட் பெரிது. லேசர் பிரிண்டரை மட்டும் எந்த யுபிஎஸ்ஸிலும் செருகக் கூடாது. சூடேறும் நொடியில் அது ஒரு கணினியைப்போலப் பல மடங்கு இழுக்கும்.

பேட்டரியின் வயது

யுபிஎஸ் என்று நாம் வாங்குவதில் முதலில் சாவது பேட்டரி. மூடிய ஈய-அமில பேட்டரி 25 டிகிரியில் இருப்பதாகக் கொண்டுதான் அதன் ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் புழங்கும் தோராய விதி. நம் ஊரில் கோடை அறையே 35 டிகிரி. யுபிஎஸ் பெட்டிக்குள், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், வெப்பம் இன்னும் கூடுதல். அட்டையில் ஐந்தாண்டு என்று போட்டிருந்தாலும் இரண்டு மூன்று ஆண்டில் முடிவதில் வியப்பில்லை.

முடிந்துவிட்டதை மல்டிமீட்டர் காட்டாது. சும்மா இருக்கும்போது 13 வோல்ட் என்று நன்றாகவே காட்டும். சுமை ஏறிய நொடியில் சரிந்துவிடும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் சில சமயம் அடையாளம் கிடைக்கும்: 151 மி.மீ. நீளமும் 65 மி.மீ. அகலமும் கொண்ட அந்தச் சாம்பல் அல்லது கறுப்புக் கட்டியின் பக்கவாட்டுச் சுவர்கள் உப்பி, அதன் குழியிலிருந்து வெளியே எடுக்கவே முடியாமல் இறுகியிருக்கும். மாற்றும்போது முனையின் அகலத்தைப் பார்க்க வேண்டும், 4.8 மி.மீ., 6.3 மி.மீ. என இரண்டு உண்டு. பொருந்தாததை நெருக்கிச் செருகினால் இணைப்புச் சூடேறும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சேமித்து முடித்த வேளையில், பிளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பார்த்துக் குறித்து வைப்பதைவிட நல்ல சோதனை வீட்டில் இல்லை.

சிறிய யுபிஎஸ்ஸில் பெரிய பேட்டரியை வெளியே இணைத்துத் தரும் மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் உண்டு. நேரம் கூடும் என்பது உண்மை. ஆனால் அந்த யுபிஎஸ்ஸின் சார்ஜர் ஒரு ஆம்பியர் அளவுக்குச் செய்யப்பட்டது. பெரிய பேட்டரியை நிரப்ப அதற்கு நாட்கள் ஆகும். சில நிமிடம் ஓடுவதற்கென்று வைத்த ஹீட் சிங்க், மணிக்கணக்கில் ஓடும்போது தாங்காமலும் போகலாம். மின்சாரம் கிடைக்காமல் வேலை இழந்தவர்களின் தவிப்பிலிருந்து பிறந்த உத்தி இது. அந்தத் தவிப்பு மதிக்கத்தக்கது என்றாலும் ஆளில்லாத வீட்டில் இப்படி ஓடவிடுவதைப் பரிந்துரைக்க முடியாது.

லித்தியம் தரப்பின் வாதம் வலுவானது. ஜான் குட்இனஃப் குழு 1997-ல் வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் வேதியியல், ஆழமாகக் காலி செய்தாலும் ஆயிரக்கணக்கான சுழற்சிகளைத் தாங்குகிறது. வேகமாக இழுத்தாலும் கொள்ளளவு அதிகம் குறைவதில்லை. மற்ற லித்தியம் வகைகளைவிட வெப்பத்தில் நிதானமானது. இன்வெர்ட்டரின் டியூபுலரைப்போல டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை. பழைய யுபிஎஸ்ஸில் ஈயத்தை எடுத்துவிட்டு லித்தியத்தைப் போடுவதுதான் தகராறுக்குரியது. ஈயத்துக்கு அமைத்த சார்ஜர் 13.5 முதல் 13.8 வோல்ட்டில் இடைவிடாமல் பிடித்து வைக்கும். லித்தியத்துக்குத் தேவையான முழுச் சார்ஜ் அளவும் நிறுத்தும் முறையும் வேறு. பேட்டரிக்குள் செல்களைக் கண்காணிக்கும் நல்ல பி.எம்.எஸ். சுற்று இருந்தால் ஓடும். இல்லாவிட்டால் அரைகுறையாக நிரம்பும் அல்லது செல்கள் ஏறுமாறாகும். லித்தியத்துக்கென்றே செய்த யுபிஎஸ்ஸாக வாங்குவது ஒன்றே இப்போதைக்கு நம்பகமான வழி.

ரவுட்டர் தனி

கணினிக்குச் செலவிடும் முன் ரவுட்டரைப் பார்ப்பது இன்று பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். ஃபைபர் இணைப்பில் சேவை நிறுவனத்தின் இணைப்பகத்துக்கும் வீட்டுக்கும் இடையே இருப்பது மின்சாரம் தேவையில்லாத ஒளிப்பிரிப்பான்கள். தெருவே இருண்டிருந்தாலும், இணைப்பகத்தில் பேக்கப் இருக்கும்வரை ஒளி வந்துகொண்டேயிருக்கும். வீட்டிலுள்ள ஓஎன்டி என்ற ஃபைபர் பெட்டி மட்டும் எரிந்தால் போதும். வழியில் கேபிள் ஆபரேட்டரின் சுவிட்ச் பெட்டி ஏதாவது ஒரு கம்பத்திலோ மாடியிலோ இருந்தால் இது பொருந்தாது. மினி யுபிஎஸ் வாங்கும் முன் ஆபரேட்டரிடம் கேட்டுவிட வேண்டிய கேள்வி அது.

ஓஎன்டி எடுப்பது 12 வாட், மிஞ்சினால் 20. மினி யுபிஎஸ்ஸில் 18650 செல் மூன்று இருந்தால் 22 முதல் 29 வாட்-மணி. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நேர்மின்சாரத்தை நேர்மின்சாரமாகவே கொடுப்பதால் வீணாவதும் குறைவு. 10 வாட் ரவுட்டருக்காக 600 வி.ஏ. யுபிஎஸ்ஸை ஓடவிட்டால், யுபிஎஸ் தனக்கென்று எடுப்பதே அதற்குச் சமமாகிவிடலாம். பெட்டியில் பெரிதாக எழுதும் மில்லியாம்பியர் மணிக் கணக்கை 12 வோல்ட்டில் என்று நம்பிவிடக் கூடாது. அது பெரும்பாலும் ஒரு செல்லின் 3.7 வோல்ட்டில் கூட்டிய எண். வாட்-மணியில் எழுதாத பெட்டியைத் தவிர்ப்பது நல்லது.

லேப்டாப் வைத்திருப்பவருக்கு இத்தோடு வேலை முடிந்தது. அதற்குள்ளேயே யுபிஎஸ் இருக்கிறது. ஆன்லைன் தேர்வு எழுதும் மாணவருக்கும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும், லேப்டாப்பும் மினி யுபிஎஸ்ஸும் சேர்ந்த இணையைவிடக் குறைந்த செலவில் நம்பகமான ஏற்பாடு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

யுபிஎஸ்ஸே வேண்டாம் என்பவர்கள்

இந்தத் தரப்பு சிறியது. ஆனாலும் அதன் வாதத்தில் பொருள் உண்டு. என்.டி.எஃப்.எஸ். போன்ற ஜர்னல் வைத்த கோப்பு முறைகள் வந்தபின், திடீர் அணைப்பால் வட்டே குலைந்துபோவது அரிதாகிவிட்டது. வேர்டு முதல் கூகுள் டாக்ஸ் வரை தாமாகவே சேமிக்கின்றன. பின் எதற்கு யுபிஎஸ்?

எஸ்எஸ்டி விஷயத்தில் இந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்.பி. ஆய்வகமும் சேர்ந்த குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்துச் சோதித்த 15 எஸ்எஸ்டிகளில் 13 ஏதோ ஒரு வகையில் பிழை காட்டின. அந்தத் தலைமுறைக் கருவிகள் இன்று விற்பனையில் இல்லை. ஆனால் சர்வர் எஸ்எஸ்டிகளில் உள்ள காப்புக் கெப்பாசிட்டர் வீட்டு எஸ்எஸ்டிகளில் இன்றும் பெரும்பாலும் இல்லை. மின்சாரம் அரிதாகப் போகும் நகரத் தெருவில் இந்த அபாயத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நாளுக்கு நான்கு முறை சிமிட்டும் தெருவில் அதே துணிச்சல் கூடாது.

இன்னும் தீராதவை

மேற்கண்ட தரப்புகளை எடை போட்டால், சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மேசைக் கணினிக்கு லைன் இன்டர்ஆக்டிவ் யுபிஎஸ், இணைப்புக்கு மினி யுபிஎஸ், மணிக்கணக்கான தடை உள்ள ஊரில் அவற்றுக்குப் பின்னால் சைன்வேவ் இன்வெர்ட்டர் என்ற அடுக்கு பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துகிறது. வீடுகளில் வைக்கும் சிறிய யுபிஎஸ்களுக்கு இந்தியாவில் ஐ.எஸ். 16242 தரநிலையின்கீழ்ப் பதிவு கட்டாயம் என்பதால், லேபிளில் அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன. ஈயம் மண்ணிலும் நீரிலும் கலக்கும் நஞ்சு. எடைக்குப் போடுவதைவிடப் புது பேட்டரி வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்வது சரி.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் கூரைக்கடியில் 40 டிகிரியில் பத்தாண்டு எப்படி நடந்துகொள்ளும் என்பது இன்னும் திறந்த கேள்வி. சுழற்சிக்கான சோதனைகள் நிறைய உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் நிரம்பியபடியே வெப்பத்தில் சும்மா இருப்பது வேறு வகையான முதுமை. யுபிஎஸ் வாழ்க்கை பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். படி அலையும் ஆக்டிவ் பி.எஃப்.சி.யும் சேர்வதிலும், தயாரிப்பாளர்கள் இணை இணையாகச் சோதித்து வெளியிடாதவரை ஊகமே மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தரவு இல்லாத குறை. மின் நம்பகத்தன்மைக்கான ஐ.இ.இ.இ. 1366 தரநிலை, ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்டதையே நீடித்த தடையாகக் கணக்கில் சேர்க்கிறது. கணினி சாவதற்கு 20 மில்லிசெகண்ட் போதும். புனேயிலுள்ள பிரயாஸ் அமைப்பு பல மாநிலங்களில் தன்னார்வலர் வீடுகளில் கருவி வைத்து, நிமிடத்துக்கு நிமிடம் மின்னழுத்தத்தைப் பதிவு செய்து வெளியிட்டது. அரிய முயற்சி என்றாலும் நிமிடத்துக்குள் நடக்கும் சிமிட்டல் அதில் முழுமையாக விழாது. வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கும் ஸ்மார்ட் மீட்டர்களால் மின்தடையையும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையும் குறித்து வைக்க முடியும். அந்தப் பதிவை நுகர்வோர் கேட்டுப் பெற வழி செய்யப்படுமா, எவ்வளவு நுணுக்கமாகத் தரப்படும் என்பது இன்னும் முடிவாகாத விஷயம்.